கோழியும் குஞ்சும்

“கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தாய் சினந்தாலும் அச்சினத்தினால் பிள்ளைக்குக் கேடு விளையாது என்பது இதன் கருத்து. சிற்றூர்களில் முற்றத்துக் கோழியை நாள்தோறும் கண்டு பழகியவர் எவரோ இதனை முதன்முதற் சொல்லியிருத்தல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் காலைச் சுற்றி ஓடும்போதும் தாய்க் கோழியின் கால் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றின்மேலும் அழுந்துவதில்லை. கோழி மிதித்துக் குஞ்சு சாவது அரிது என்பது உண்மையே. ஆயின், குஞ்சுகள் வேறு பல காரணங்களால் இறந்துபோகின்றன. அக்காரணங்களுள் பெரும்பாலானவை மனிதன் முயன்றால் நீக்கக்கூடியவை. அவை யாவை என்பதை அறிதல் ஒரு சிறு குடும்பத்தின் வாழ்வையே காக்கவல்லது.

திருச்சிராப்பள்ளிச் சீமைக்கும் கோழிக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. முற்காலச் சோழரின் தலைநகராகிய உறையூருக்குக் கோழியூர் என்றும் ஒரு பெயர் உண்டு. அரசனது யானையைச் சேவல் ஒன்று எதிர்த்துப் பொருது வென்றது என்றும், அவ்வியப்பைக் கண்ட மன்னன் அந்நிலத்தின் ஆற்றலை உணர்ந்து அங்கே நகர் அமைத்தான் என்றும் பழங்கதை கூறும். கதை எவ்வாறாயினும், ஒரு பேரரசின் தலைநகருக்குத் தன் பெயரை அளித்த பெருமை வீட்டு முற்றத்தில் குப்பை கிளறும் இச்சிறு பறவைக்கு வாய்த்தது.

இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் கோழிகளுக்கு மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியாகும். அது தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும், இந்தியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் வாழ்கின்றது. தென்னிந்திய மலைகளில் வாழ்வது சாம்பல் நிறக் காட்டுக்கோழி. இதன் வழியாகவே மஞ்சள் நிறத் தோல் வீட்டுக் கோழிகளுக்கு வந்து சேர்ந்தது என்பதை 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று எடுத்துக்காட்டியது. ஆகவே தமிழ்நாட்டு மலைக்காட்டுப் பறவையின் குருதியும் உலகக் கோழிகளில் ஒரு சிறிதளவு கலந்துள்ளது எனலாம்.

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் துறையூர் அமைந்துள்ளது. அதன் வடபுறத்தே பச்சைமலை நீண்டு கிடக்கின்றது. மேற்கே கொல்லிமலை உயர்ந்து நிற்கின்றது. கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள புளியஞ்சோலையில் நீரோடை சலசலத்துப் பாய்கின்றது. நீர் வளம் உள்ள இடங்களில் நெல்லும், மேட்டு நிலங்களில் சோளம், பருத்தி, நிலக்கடலை, சின்ன வெங்காயம் ஆகியவையும் விளைகின்றன. பெருநிலக்கிழார் சிலர் இருப்பினும், ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் சிறு உழவர்களே மிகுதி. அவர்தம் வீடுகளில் ஒரு பசு, இரண்டு ஆடு, ஐந்தாறு கோழிகள் இருக்கும். நிலம் ஆண்மக்கள் பெயரில் இருக்கலாம். பசுவின் பாற்பணம் குடும்பச் செலவுக்குப் போகலாம். ஆனால் கோழி விற்ற காசு பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணின் கைக்காசாகும்.

பங்குனி முதிர்ந்து சித்திரை பிறக்கும் காலத்தில் இப்பண்ணைகள் புதுப்பொலிவு பெறுகின்றன. வேம்பு வெண்ணிறப் பூக்களைச் சொரிகின்றது. புங்க மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துத் தளிர்க்கின்றன. கொன்றை பொன்மாலைகளைத் தொங்கவிடுகின்றது. மாமரத்தில் வடுக்கள் திரள, எங்கிருந்தோ குயில் கூவுகின்றது. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக் கிடை போடுவர். சித்திரையில் நல்லநாள் பார்த்து, காளைகளைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு, நல்லேர் பூட்டி முதற் சால் ஓட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இக்காலத்தில் உழுபொறிகள் மிகுந்துவிட்ட போதிலும், அந்நாளின் மகிழ்ச்சி குறையவில்லை. இவ்வேளையில்தான் பஞ்சாரத்தின் அடியிலிருந்து மெல்லிய ‘கீச் கீச்’ என்னும் ஒலி எழுகின்றது.

இத்தகைய சிறு பண்ணை ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்பது பயனுடையதாகும். பச்சைமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் நிலம்; ஒரு கிணறு; ஓட்டு வீடு; வாசலில் ஒரு வேப்பமரம். அங்கே ஒரு மூதாட்டியும், அவள் மகனும் மருமகளும், எட்டாம் வகுப்பிற் பயிலும் பேத்தியும் வாழ்கின்றனர். ஈராண்டுகளுக்கு முன் அம்மூதாட்டியிடம் பதினெட்டுக் கோழிகள் இருந்தன. ஒரு கோடையில், ஐந்தே நாட்களில் அவற்றுள் பதினேழு போயின. அக்கோழிகளை விற்று ஐப்பசிப் பட்டத்திற்கு விதை வெங்காயம் வாங்க எண்ணியிருந்தாள். அது கூடாமற் போகவே, மகன் வட்டிக்குக் கடன் வாங்கினான். அக்கடனின் ஒரு பகுதி இன்னும் தீரவில்லை. எஞ்சிய ஒரு பெட்டைக் கோழி மட்டும் முற்றத்தில் திரிந்துகொண்டிருந்தது. அது சிறுவிடை இனத்தைச் சேர்ந்தது. உருவில் சிறியதாயினும், அடைகாப்பதிலும் குஞ்சுகளைப் பேணுவதிலும் இவ்வினம் பெயர் பெற்றது.

மாசி மாதக் கடைசியில் அக்கோழி முட்டையிடுவதை நிறுத்தியது. இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கொக்கரித்தவாறு, வெறுங்கூடையிலேயே சென்று அமர்ந்தது. அது அடைக்கு வந்துவிட்டது என்பதை மூதாட்டி அறிந்தாள். ஆயினும் அவள் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை.

“அப்பாயி! முட்டைகளை வைக்கலாமா?” என்று பேத்தி ஆவலோடு கேட்டாள்.

“வைத்து என்ன பயன், கண்ணு? வளர்த்து ஆளாக்கும் நேரத்தில் நோய் வந்து வாரிக்கொண்டு போய்விடும். நமக்குக் கொடுத்துவைக்கவில்லை” என்றாள் மூதாட்டி.

“நோய்க்குத் தடுப்பு மருந்து இருக்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள், அப்பாயி. குஞ்சு பொரித்த ஏழாம் நாளே கொடுக்க வேண்டுமாம். இம்முறை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

மூதாட்டி சற்று நேரம் எண்ணமிட்டாள். பிறகு எழுந்து, அகன்ற கூடை ஒன்றை எடுத்துவந்தாள். அதில் மணலைப் பரப்பி, அதன்மேல் வைக்கோலை வட்டமாக அமைத்தாள். பேன் அண்டாதிருக்க வேப்பிலையை இடையிடையே செருகினாள். முட்டைகளைத் தெரிந்தெடுப்பதில் அவள் மிகுந்த கவனம் செலுத்தினாள். ஒரு வாரத்திற்கு உட்பட்ட முட்டைகளே அடைக்கு ஏற்றவை. மிகப் பெரியனவும், மிகச் சிறியனவும், ஓட்டில் கீறல் விழுந்தனவும் ஆகா. குளிர்ந்த இடத்தில், கூரிய முனை கீழிருக்குமாறு வைத்திருந்த முட்டைகளினின்றும் பதின்மூன்றை எடுத்து, மாலை வேளையில் கோழியின் அடியில் வைத்தாள். வீட்டின் இருண்ட மூலையில், நாயும் பூனையும் அணுகாத இடத்தில், கூடை அமைந்தது.

முட்டையினுள் நிகழ்வது இயற்கையின் பெரு விந்தைகளுள் ஒன்றாகும். கருக்கூடிய முட்டையின் மஞ்சட்கருவின்மேல் சிறு வெண்புள்ளி ஒன்று இருக்கும். தாயின் உடற்சூடு படப்பட அப்புள்ளி வளரத் தொடங்குகின்றது. இரண்டாம் நாள் முடிவதற்குள் நெஞ்சம் துடிக்கத் தொடங்கிவிடும். வெண்கருவும் மஞ்சட்கருவும் உணவாகின்றன. முட்டையோட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியாக உயிர்க்காற்று உட்புகுகின்றது. கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால் இறந்துபடும். ஆதலின் தாய்க் கோழி தன் அலகினால் முட்டைகளை ஒவ்வொரு நாளும் பன்முறை புரட்டுகின்றது. பொறிகளில் முட்டை பொரிக்கும் நிலையங்களிலும் முட்டைகளை இவ்வாறே திருப்பிக்கொண்டிருப்பர். அங்கே ஏறத்தாழ 37.5 பாகை செல்சியசு வெப்பமும், போதிய ஈரப்பதமும் நிலைநிறுத்தப்படுகின்றன. கோழியோ வெப்பமானி இன்றியே இவ்வளவையும் செய்கின்றது. நாள்தோறும் ஒரு முறை மட்டும் இறங்கிச் சிறிது இரையும் நீரும் உட்கொண்டு, சாம்பலில் புரண்டு, முட்டைகள் ஆறுமுன் விரைந்து திரும்பிவிடுகின்றது.

ஏழாம் நாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, பேத்தி கைவிளக்கின் ஒளியை ஒவ்வொரு முட்டையின் அகன்ற முனையிலும் பாய்ச்சிப் பார்த்தாள். பதினொரு முட்டைகளில் சிலந்தி வலை போன்ற செந்நிற நரம்புகள் தென்பட்டன. இரண்டு முட்டைகள் வெறுமையாகத் தெளிந்து காணப்பட்டன. அவை கருக்கூடாத முட்டைகள். அவற்றை விட்டுவைத்தால் கெட்டு வெடித்து, ஏனையவற்றையும் கெடுக்கும். ஆகவே அவ்விரண்டும் அகற்றப்பட்டன. “இருபத்தொரு நாள் கழித்துத் தெரியவேண்டியதை ஏழே நாளில் கண்டுவிட்டாயே!” என்று மூதாட்டி வியந்தாள்.

இருபதாம் நாள் முட்டைகளுக்குள்ளிருந்தே மெல்லிய குரல் கேட்டது. குஞ்சின் அலகு நுனியில் சிறு முள் போன்ற பல் ஒன்று அப்போது இருக்கும். அதனால் ஓட்டைக் கொத்திக் கொத்தித் திறந்து, இருபத்தோராம் நாள் குஞ்சு வெளிப்படுகின்றது. ஈரம் உலர்ந்து, பஞ்சுருண்டை போலப் பொலிந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தாயின் சிறகினடியிலிருந்து எட்டிப் பார்த்தன. ஒரு முட்டையில் மட்டும் சிறு துளை தோன்றி, நெடுநேரம் ஆகியும் ஓடு பிளக்கவில்லை. பேத்தி அதனை உடைத்துவிடக் கை நீட்டினாள்.

“வேண்டாம், கண்ணு. நீ உரித்தால் குருதி கசியும். வலுவுள்ளது தானே வரும். காத்திரு” என்று மூதாட்டி தடுத்தாள்.

அக்குஞ்சு வரவில்லை. மறுநாள் அதனை வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டுச் சிறுமி கலங்கிய கண்களுடன் திரும்பினாள். பத்துக் குஞ்சுகள் முற்றத்தில் அடியெடுத்து வைத்தன. அது பங்குனி மாதத்தின் பிற்பகுதி.

பொரிப்பதற்குச் சற்று முன்னர், எஞ்சிய மஞ்சட்கரு முழுவதும் குஞ்சின் வயிற்றினுள் இழுக்கப்பட்டுவிடுகின்றது. எனவே முதல் இரண்டு நாட்களுக்கு அதற்கு வெளி உணவு இன்றியமையாததன்று. ஒரு நாட் குஞ்சுகளைப் பெட்டிகளில் அடுக்கித் தொலைதூரங்களுக்கு அனுப்ப இயல்வது இதனாலேயே. துறையூருக்கு மேற்கேயுள்ள நாமக்கல் வட்டாரம் முட்டைத் தொழிலில் நாடறிந்த நிலையை அடைந்திருப்பதற்கும் இவ்வுண்மை துணைபுரிந்துள்ளது. அவ்வட்டாரப் பண்ணைகளில் கோழிகள் கோடிக்கணக்கில் வளர்க்கப்படுகின்றன. அங்கே 1985 ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. பள்ளிச் சத்துணவில் மாணவர் உண்ணும் முட்டைகளில் பெரும்பகுதி அப்பண்ணைகளிலிருந்தே வருகின்றது.

பெரும்பண்ணைகளில் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. விளக்கின் வெப்பமே தாயாகும். குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை முதற் சில வாரங்களில் பெற்றிருப்பதில்லை. ஆகவே முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை வெப்பம் அளித்து, வாரந்தோறும் மூன்று பாகை அளவு குறைத்துக்கொண்டு வருவர். வெப்பம் சரியாக உள்ளதா என்பதைக் குஞ்சுகளே தெரிவித்துவிடும். அவை விளக்கின்கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் குளிர் மிகுதி. விலகி ஓடிச் சிறகைத் தொங்கவிட்டு இளைத்தால் சூடு மிகுதி. பரவலாக மேய்ந்து உறங்கினால் வெப்பம் பொருத்தம். சிறு பண்ணையில் இக்கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. குளிரும்போது குஞ்சுகள் தாயின் சிறகினுள் நுழைந்தன. சூடேறியதும் தாமே வெளிவந்தன.

உணவு அளிப்பதில் பாட்டியின் பட்டறிவும் பேத்தியின் படிப்பும் கைகோத்தன. ஆழமற்ற தட்டில் நீர் வைத்து, குஞ்சுகள் மூழ்காதிருக்கச் சிறு கூழாங்கற்களை அதில் இட்டனர். நொய்யும், உடைத்த கம்பும், தவிடும் கலந்து தூவினர். வளரும் குஞ்சுக்குப் புரதச் சத்து மிகுதியாக வேண்டும். அதற்கு மூதாட்டி ஒரு பழைய வழியை அறிந்திருந்தாள். உடைந்த பானை ஒன்றில் நனைந்த வைக்கோல், சாணம், கிழிந்த சாக்கு ஆகியவற்றை நிரப்பி, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தாள். விடியலில் பானையை நிமிர்த்தினால் ஆயிரக்கணக்கான கறையான்கள் நிறைந்திருந்தன. அவற்றைக் கொட்டியவுடன் குஞ்சுகள் போட்டியிட்டுக் கொத்தித் தின்றன. உழவனின் பொருளை அரிக்கும் கறையான் இவ்வாறு அவனுக்கே செல்வமாக மாறிற்று.

தவிட்டின் பெருமையை உலகிற்கு உணர்த்தியதும் கோழியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சாவகத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மான் என்பார், தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். தவிடு நீக்காத அரிசியை அளித்ததும் அவை நலம் பெற்றன. மனிதரை வாட்டிய ‘பெரிபெரி’ என்னும் நோயின் காரணத்தை அறிய இதுவே வழிகாட்டிற்று. பின்னர் வைட்டமின்கள் என்னும் உயிர்ச்சத்துக்களைப் பற்றிய அறிவு வளர்ந்தது. எய்க்மானுக்கு 1929 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஏழாம் நாள் நெருங்கியது. பேத்தி பள்ளியிலிருந்து வரும் வழியிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குச் சென்று கேட்டாள். அங்கிருந்த மருத்துவர் கனிவோடு விளக்கினார். ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுகளுக்குப் போதுமானது. அதனைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கலக்கிய பின் சில மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். எனவே பத்துக் குஞ்சுகளுக்காக மட்டும் ஒரு குப்பியைத் திறப்பதைவிட, ஊரார் யாவரும் தம் குஞ்சுகளை ஒரே நாளில் கொண்டுவருவது நல்லது என்றார் அவர்.

அன்று மாலை சிறுமி வீடு வீடாகச் சென்றாள். சிலர் உடன்பட்டனர். சிலர் சிரித்தனர். “கோழிக்கு ஒரு வைத்தியமா? வருவது வந்துதான் தீரும்” என்றார் ஒருவர். மறுநாள் வெயில் ஏறுமுன், ஆறு வீட்டாரின் குஞ்சுகள் கூடைகளில் மருந்தகத்தை அடைந்தன. ஒவ்வொரு குஞ்சின் கண்ணிலும் ஒரு துளி மருந்து விடப்பட்டது. நான்காம் வாரத்தில் மறுமுறையும், எட்டாம் வாரத்தில் சிறகின் அடியில் ஊசியாகவும் தடுப்பு மருந்தை அளிக்க வேண்டும் என்று மருத்துவர் ஏட்டில் எழுதிக் கொடுத்தார். தாய்க் கோழிக்கு, கோடைக்கு முன் ஊரில் நடைபெற்ற அரசின் தடுப்பூசி முகாமிலேயே ஊசி போடப்பட்டிருந்தது.

இந்நோயை மக்கள் வெள்ளைக் கழிச்சல் என்பர். நூல்களில் இது இராணிக்கெட் நோய் எனப்படுகின்றது. 1926 ஆம் ஆண்டில் சாவகத்திலும், இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரிலும் இது முதன்முதலாக அறியப்பட்டது. சிறிது காலத்திற்குள் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் காணப்பட்டமையால், இந்தியாவில் அவ்வூரின் பெயரே நிலைத்தது. நச்சுயிரி ஒன்று இதற்குக் காரணம். நோயுற்ற கோழி பச்சையும் வெண்மையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். சில வேளைகளில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். நோய் கண்டபின் தீர்க்க மருந்து இல்லை. வருமுன் காத்தலே ஒரே வழி. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதற்குரிய தடுப்பு மருந்தை உருவாக்கி வழங்குகின்றது.

தடுப்பு மருந்து என்னும் கருத்தின் வளர்ச்சியிலும் கோழிக்குப் பங்குண்டு. பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1879, 1880 ஆம் ஆண்டுகளில் கோழிகளைத் தாக்கும் காலரா நோயை ஆராய்ந்தார். நாட்பட்டு வலுக்குன்றிய கிருமிகளைக் கோழிகளின் உடலிற் செலுத்தியபோது அவை இறக்கவில்லை. பின்னர்ப் புதிய கிருமிகளைச் செலுத்தியபோதும் அவற்றுள் பல பிழைத்துக்கொண்டன. நோய்க்கிருமியை ஆய்வுக்கூடத்திலேயே வலுக்குறைத்து, அதனையே காப்பாக மாற்றலாம் என்னும் பேருண்மை இவ்வாறு புலனாயிற்று. பிற்காலத்தில் மனிதக் குழந்தைகளைக் காத்த பல தடுப்பு மருந்துகளுக்கு இக்கோழிகள் வழிவகுத்தன.

சித்திரை வந்தது. நல்லேர் பூட்டிய நிலத்தில் ஏர்ச்சாலின் பின்னே தாய்க் கோழி குஞ்சுகளை அழைத்துச் சென்றது. புரண்ட மண்ணில் புழுவைக் கண்டால், ‘கொக் கொக்’ என்று கூவிக் குஞ்சுகளை அழைத்து, தான் உண்ணாமல் அவற்றின் முன் இட்டது. கீரியோ பூனையோ தரையில் வந்தால் எழுப்பும் குரல் வேறு. வானத்தில் பறவையின் நிழல் ஆடினால் எழுப்பும் குரல் வேறு. இரண்டாவது குரலைக் கேட்டதும் குஞ்சுகள் செடியடியிற் பதுங்கி அசைவற்றுக் கிடந்தன. எனினும் ஒரு நாள் நண்பகலில், வல்லூறு ஒன்று மின்னலெனப் பாய்ந்து ஒரு குஞ்சைக் கவர்ந்து சென்றது. தாய் இறகை விரித்துப் பறந்து துரத்தியும் பயனில்லை. அது முதல், நண்பகல் வேளையில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தினுள் அடைத்தனர். வைகாசித் தொடக்கத்தில் திடீரெனப் பெய்த கோடை மழையில் நனைந்து மற்றொரு குஞ்சு விறைத்து இறந்தது. எட்டு எஞ்சின.

ஆனி பிறந்த சில நாட்களில், அடுத்த தெருவில் கோழிகள் தலை சாய்க்கத் தொடங்கின. மூதாட்டி அதைக் கேட்டதும் நடுங்கினாள். ஈராண்டுகளுக்கு முந்தைய காட்சி அவள் கண்முன் நின்றது. அன்று மாலை, நோய் கண்ட வீட்டுக்காரர் ஒருவர் உயிரோடிருந்த மூன்று கோழிகளைக் கூடையில் இட்டுச் சந்தைக்குப் புறப்பட்டார்.

“தம்பி, எங்கே கொண்டுபோகிறாய்?” என்று மூதாட்டி வழிமறித்தாள்.

“செத்தால் ஒன்றுமில்லை, அத்தை. இன்று விற்றால் பாதி விலையாவது கிடைக்கும்.”

“நானும் அன்று அப்படித்தான் செய்தேன். இரண்டை விற்றேன். வாங்கியவள் என்னைப் போல ஏழை. அவள் வீட்டுக் கோழிகளும் ஒரு வாரத்தில் போய்விட்டனவாம். அந்தப் பணம் எனக்கு ஒட்டவில்லை, தம்பி. நீ அதைச் செய்யாதே.”

இச்செய்தியை அவள் அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. பேத்தி வியப்போடு பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். அம்மனிதர் நெடுநேரம் தயங்கி நின்றார். பின்னர்க் கூடையுடன் வீடு திரும்பினார். நோயுற்ற கோழிகளைத் தனியே அடைத்து, இறந்தவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தனர். ஒரு வீட்டுக் கூடையையும் தட்டையும் மற்றொரு வீட்டார் கையாளவில்லை. மூதாட்டி தன் கோழிகளைப் பத்து நாட்கள் வேலிக்கு வெளியே விடவில்லை.

அவ்வூரில் தடுப்பு மருந்து அளிக்கப்பெறாத கோழிகளுட் பல மடிந்தன. கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டு, மூன்று முறையும் மருந்து பெற்ற ஆறு வீட்டுக் கோழிகள் பிழைத்தன. “வருவது வந்துதான் தீரும்” என்று சிரித்தவர், அடுத்த முறை மருந்து வரும் நாளைக் கேட்டறிய அவ்வீட்டு வாயிலில் வந்து நின்றார்.

புரட்டாசியில் எட்டுக் குஞ்சுகளும் முழு வளர்ச்சி பெற்றன. ஐந்து பெட்டைகள் முட்டையிடத் தொடங்கின. மூன்று சேவல்கள் நல்ல விலைக்குப் போயின. சேவல் விற்ற பணமும் முட்டை விற்ற பணமும் விதை வெங்காயம் முழுவதற்கும் போதவில்லை. எனினும் அவ்வாண்டு வட்டிக்கு வாங்க வேண்டியிருந்த தொகை பாதியாகக் குறைந்தது. மூதாட்டி பணத்தை மகனிடம் கொடுத்தபோது, அதிலிருந்து ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து முடிந்துகொண்டாள். ஈராண்டுகளுக்கு முன் தன்னிடம் நோய்க்கோழி வாங்கிய பெண்ணுக்கு ஒரு பெட்டைக் கோழியையும் அத்தொகையையும் கொண்டுபோய்க் கொடுத்த பின்னரே அவள் மனம் அமைதியுற்றது.

ஒரு குஞ்சு முட்டையிலிருந்து வெளிப்பட்டு முற்றத்தில் நடமாடுவதற்குள் எத்தனை இடர்களைக் கடக்கின்றது! அவற்றுள் சில இயற்கையின் நியதி. அவற்றைத் தாய்க் கோழி தன் அன்பினாலும் விழிப்பினாலும் இயன்றவரை தடுக்கின்றது. வேறு சில தாய்க் கோழியால் தடுக்க இயலாதவை. அவற்றைத் தடுக்கும் அறிவு மனிதனிடம் உள்ளது. அவ்வறிவைத் தானும் பயன்படுத்தி, அயலாருக்கும் எடுத்துச் சொல்லுதல் கற்றவர் கடமை. கோழி மிதித்துச் சாகாத குஞ்சு, மனிதனின் சோம்பலாலும் அறியாமையாலும் சாகலாகாது அன்றோ?